கிழக்குப் பக்கம் பொங்கிய பால்

மாமல்லபுரம் பஸ் நிலையத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் காசிநாதனிடம் நாள் முழுக்க ஜனங்கள் என்னென்னவோ கேட்பார்கள். சர்க்கரை கம்மியாக, டிகாக்‌ஷன் தூக்கலாக, ஆடை இல்லாமல். ஆனால் அன்று காலை ஏர்போர்ட் சீட்டு ஒட்டிய பெட்டியோடு வந்து நின்ற பெரியவர் கேட்டதை அவன் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. பெட்டியைத் திறந்து புத்தம் புதுப் பித்தளைச் சொம்பு ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இதுல அரை லிட்டரு பால ஊத்திக் காய்ச்சு. பொங்கி வழியணும். வெளிப்பக்கம் கறை புடிக்கணும்."

"கொழந்தைக்கா அண்ணாத்த?"

"கொழந்தையும் இல்ல, ஒண்ணும் இல்ல. காய்ச்சுன்னா காய்ச்சேன்."

"வழிஞ்சா அடுப்பு அணைஞ்சி பூடும். இப்பதான் கடையே தொறந்துகீறேன்."

"அடுப்ப நானே தொடச்சிக் குடுக்கறேன். வழிய வுடு."

காசிநாதன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். காலங்காத்தாலயே பேஜாரு என்று முணுமுணுத்துக்கொண்டே சொம்பை வாங்கினான். கிறுக்கு என்று நினைத்திருப்பான். நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும், அதைவிடப் பெரிய பட்டமெல்லாம் வாங்கிக்கொண்டுதான் அவர் ஊர் திரும்பியிருந்தார்.

அவர் பெயர் செங்கல்வராயன். திருக்கழுக்குன்றத்தை அடுத்த ஒரு கிராமத்தில் கொஞ்சம் நெல் நிலமும் ஒரு டிராக்டரும் வைத்திருக்கிறவர். ஊர் போகிற வழியில் டீக்கடைக்கா பஞ்சம்? ஆனால் அங்கெல்லாம் அவரைத் தெரியும். சொம்பு அடுப்பில் ஏறுவதற்குள் சேதி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, பார்வதம் வாசலில் நிற்பாள். அதனால்தான் அறிமுகமில்லாத இடமாகப் பார்த்து இறங்கினார்.

பார்வதம் அவர் சம்சாரம். செங்கல்பட்டில் கடை கடையாக ஏறி இறங்கி அவள் வாங்கின சொம்பு அது. அவர்களுக்கு ஒரே பிள்ளை, பரணிதரன். ஈராக்கில் குர்து ஜனங்கள் வாழும் எர்பில் என்கிற ஊரில், அலுமினிய ஜன்னல் செய்கிற பட்டறையில் வேலை. போய் பத்து வருஷத்துக்கு மேலாகிறது, ஒரு தடவைகூட வந்ததில்லை. லீவு இல்லை, விசா சிக்கல், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று போனிலேயே காலத்தை ஓட்டினான். போன வருஷம் அங்கேயே சொந்தமாக வீடு பார்த்துக் குடியேறிவிட்டதாகச் சொன்னான். அவ்வளவுதான், பார்வதம் பிடித்துக்கொண்டாள்.

"பெரியவங்க போயி பால் காய்ச்சாத வூட்டுல எப்பிடிய்யா நல்லது நடக்கும்? அவனுக்கு இன்னும் கல்யாணம் குதிரலன்னா அதான் காரணம்."

மதுராந்தகத்துப் பெண் ஒருத்தியின் ஜாதகத்தைக்கூட வாங்கி சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டாள். முட்டி தேய்ந்துபோனதால் அவளால் பிளேன் ஏறி இறங்க முடியாது. பிள்ளையைப் போனிலேயே பிடுங்கி எடுத்து, அப்பனுக்கு டிக்கெட் போட வைத்தாள். கிளம்புகிற அன்று சொம்பை மஞ்சள் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தாள். "எந்தப் பக்கம் பொங்குதுன்னு பாத்துக்கினு வா. கிழக்கால பொங்குச்சுன்னா இந்தத் தையிலயே கல்யாணம்" என்றாள்.

செங்கல்வராயனும் போனார். எர்பில் ஏர்போர்ட்டில் பரணி ஓடிவந்து கட்டிக்கொண்டான். கட்டிக்கொண்டவன் காரை நேராக ஒரு லாட்ஜ் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். டூரிஸ்ட் விசாவில் வந்தவர்கள் ஓட்டலில்தான் தங்க வேண்டும், இந்த ஊர்ச் சட்டம் என்றான். சட்டம் என்றால் சரி என்று விட்டார். மறுநாள் பெரிய பார்க்குக்குக் கூட்டிப்போனான். அதற்கு மறுநாள் பஜார். தேனும் வால்நட்டும் வாங்கிக் கொடுத்தான், தண்ணீர் பீச்சியடிக்கிற சதுக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தான்.

"வூடு எப்படா?"

"பெயிண்ட் வேல நடந்துகினு கீது நைனா."

மறுநாளும் அதே கேள்வி, அதே பெயிண்ட். சொம்பைத் தோள்பையில் சுமந்துகொண்டு, பெற்ற பிள்ளை வாழ்கிற ஊரில் மனுஷன் டூரிஸ்ட்டாகச் சுற்றினார்.

கடைசியில் ஒருநாள் கோட்டைக்குக் கூட்டிப்போனான். ஊருக்கு நடுவே ஒரு மேடு, அதன் மேல் கோட்டை. நம்ம திருக்கழுக்குன்றத்து வேதகிரீஸ்வரர் மலையில் பாதி உயரம்கூட வராது என்று செங்கல்வராயன் மனசுக்குள் அளந்தார். இது மலையே இல்லை என்றான் பரணி. வீடு இடிந்தால் அதன் மேலேயே வீடு, அதுவும் இடிந்தால் அதற்கும் மேலே வீடு என்று ஆயிரக்கணக்கான வருஷம் ஜனங்கள் குடியிருந்து குடியிருந்தே உயர்ந்த மண்ணாம். ரிப்பேர் வேலைக்காக எல்லாரையும் கீழே அனுப்பியபோது ஒரே ஒரு குடும்பத்தை மட்டும் மேலேயே விட்டுவைத்தார்களாம், ஊர் ஆளில்லாத ஊராகிவிடக் கூடாதென்று. செங்கல் சுவர்களுக்கு நடுவே வழி சந்து சந்தாகப் போயிற்று, எல்லாக் கதவும் பூட்டிக் கிடந்தது.

ஒரே ஒரு வீட்டை மட்டும் மியூசியமாக்கிக் கம்பளங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். நல்ல பெரிய முற்றம். செங்கல்வராயன் அதன் நடுவில் போய் நின்றார். "இந்த மாதிரி எடத்துல அடுப்பு வெச்சா பாலு அழகா பொங்கும்டா. உன் வூட்ல முத்தம் கீதா?" என்று கேட்டார்.

பரணி சுவரோரம் போய் உட்கார்ந்துவிட்டான். "நைனா, ஒண்ணு சொல்லணும். அடிக்கறதுன்னா அடிச்சிக்கோ."

கல்யாணமாகி ஆறு வருஷம் என்றான். பெண்குழந்தை இருக்கிறதாம், வீடு மாமனார் கட்டிக்கொடுத்ததாம். செங்கல்வராயனுக்குத் தலை சுற்றியது, ஆனால் விழவில்லை. இதற்காக ஒரு மாசம் பேசாமல் இருந்துவிட்டு, அப்புறம் பேத்தி போட்டோவை ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிகிற ரகம்தான் அவர். கதை அதோடு நின்றிருந்தால் இந்தச் சொம்புக்கும் ஒரு வழி பிறந்திருக்கும். எங்கே நின்றது?

"வந்த புதுசுல கம்பெனிக்காரன் தொரத்தி வுட்டுட்டான் நைனா. ரசூல்னு ஒருத்தரு, அவருதான் பட்டறையில படுக்க எடம் குடுத்தாரு. முன்ன ஈராக் ராணுவம் வந்து அவங்க ஊரையே அழிச்சப்ப, அவரு அப்பா அம்மா தம்பிங்க எல்லாரும் போயிட்டாங்களாம். அழுதுகினே சொன்னாரு. சொல்லிட்டு, உன் அப்பா அம்மா எங்கன்னு கேட்டாரு. எனக்கு அப்ப இன்னா தோணிச்சோ தெரியல. சுனாமில போயிட்டாங்கன்னு சொல்லிட்டேன்."

"யாரு போயிட்டாங்கன்னு?"

"நீயும் அம்மாவும்."

அவன் மடமடவென்று மீதியையும் கொட்டினான். "அன்னிக்கே அவரு தன் தட்டுல இருந்து சோத்த எடுத்து என் தட்டுல போட்டு, இனிமே நாந்தான் உனக்கு அப்பன்னாரு. பட்டறைய நம்பிக் குடுத்தாரு, பொண்ணையும் குடுத்தாரு. அப்பறம் எந்த வாயால மாத்திச் சொல்றது? பொய் சொன்னவன் வூட்டுப் படி ஏறமாட்டாரு நைனா அவரு."

சுனாமியாம். அலை வந்த அன்று செங்கல்வராயன் வயலில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். கடல் எங்கே, அவர்கள் ஊர் எங்கே. வாய்க்கால் தண்ணீர்கூட அன்று கூடுதலாக ஓடவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்துப் பசங்களோடு பரணி சைக்கிள் மிதித்துக் கடற்கரைக்கு வேடிக்கை பார்க்கப் போனான். கரையில் பொம்பளைகள் மாரில் அடித்துக்கொண்டு அழுததைப் பார்த்துவிட்டு வந்து ரெண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தான். எந்தத் தாயோ யாருக்காகவோ அழுத அழுகையை, துரை பத்திரமாக எடுத்துவைத்திருந்து அயலூரில் தன் பெயரில் செலவு செய்திருக்கிறான்.

"என்னக் கொன்னது போவட்டும். உங்கம்மாவையுமாடா?" என்று கேட்டார் செங்கல்வராயன்.

பரணி தலையைத் தூக்காமலே அதைவிடக் கொடுமையான ஒன்றைச் சொன்னான். "கீழ டீக்கடையில அவரு ஒக்காந்துகீறாரு. ஊர்க்காரர் ஒருத்தர் கோட்டை பாக்க வந்துகீறாருன்னு சொல்லி வெச்சேன். விருந்தாளியப் பாக்காம அனுப்பக் கூடாதுன்னு புடிவாதமா வந்துட்டாரு. உன் கால்ல வுழறேன் நைனா."

இறங்கிப் போனார்கள். தொளதொளவென்ற பேண்ட்டும் இடுப்பில் சுற்றிய துணியுமாக ஒரு கிழவர் எழுந்து, செங்கல்வராயன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர் பக்கத்தில் ஒரு குட்டிப்பெண் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பார்வதத்தின் அதே அகலமான நெற்றி. செங்கல்வராயனுக்கு அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளக் கை பரபரத்தது. வழிப்போக்கன் எப்படித் தூக்குவான்? பைக்குள் கைவிட்டு, பார்வதம் சுட்டுக் கொடுத்த முறுக்கில் ஒன்றை எடுத்து நீட்டினார். அது கடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தது. யார் செய்தது என்று கிழவர் பரணியை விட்டுக் கேட்டார். ஊரில் ஒருத்தங்க என்றார் செங்கல்வராயன்.

சின்னக் கண்ணாடி கிளாசில் டீ வந்தது. கிழவர் ஏதோ மெதுவாகக் கேட்க, பரணி கிளாசைப் பார்த்தபடியே சொன்னான். "எங்க அப்பா அம்மாவ உங்களுக்குத் தெரியுமான்னு கேக்கறாரு. எப்பிடிப்பட்டவங்கன்னு கேக்கறாரு."

'உங்களுக்கு' என்றான். பெற்ற அப்பனை. ஒரு வார்த்தை போதும், நான்தான் அந்த அப்பன் என்று மாரில் தட்டிக் காட்டினால் பாஷை தெரியாதவனுக்கும் புரியும். செங்கல்வராயன் கையைத் தூக்கவும் தூக்கினார். குட்டிப்பெண் முறுக்குத் தூளைப் பரணியின் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தது. தூக்கின கையை அவர் இறக்கிவிட்டார்.

"தெரியும்னு சொல்லு," என்றார். "நல்ல மாதிரி மனுசங்கன்னு சொல்லு. புள்ளன்னா உசுருன்னு சொல்லு."

பரணி என்ன சொன்னானோ, கிழவருக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு உள்ளங்கையையும் விரித்து, செத்துப்போனவர்களுக்காகத் துவா ஓதினார். பக்கத்தில் பரணியும் கையை விரித்துக்கொண்டான். தன் கருமாதிக்குத் தானே வந்து உட்கார்ந்து டீ குடித்தவன் இந்த உலகத்தில் வேறு எவனாவது உண்டா? உண்டென்றால் செங்கல்வராயன் அவனைத்தான் பார்த்துப் பேச ஆசைப்பட்டார்.

"அண்ணாத்த, பொங்கிச்சு பாரு!" என்று காசிநாதன் குரல் கொடுத்தபோதுதான் அவருக்கு மாமல்லபுரத்தில் இருப்பது நினைவு வந்தது. பால் வழிந்து அடுப்பு அணைந்துபோயிருந்தது. சொம்பின் பளபளப்பில் கறுப்பும் பழுப்புமாக வரிவரியாகத் தீய்ந்திருந்தது. சொன்னபடியே துணி வாங்கி அடுப்பைத் துடைத்துக் கொடுத்தார்.

மீந்த பாலை என்ன செய்வது என்று தெரியவில்லை. குடிக்க மனசு வரவில்லை. கடற்கரைக்கு நடந்தார். அலை அன்று சாதுவாக வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. அவரையும் பார்வதத்தையும் கொண்டுபோன அலை. செத்தவர்களுக்குப் பால் ஊற்றுவது முறைதானே என்று நினைத்தபடி ஊற்றினார். நிஜமாகவே இந்தக் கரையில் போனவர்களுக்கு அது போய்ச் சேரட்டும் என்றும் சொல்லிக்கொண்டார். அழுகை வரும் என்று பார்த்தார், வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

வீட்டு வாசலிலேயே பார்வதம் பிடித்துக்கொண்டாள். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. "எந்தப் பக்கம் பொங்குச்சு?"

"கிழக்கால."

"வூடு எப்பிடி கீது?"

"பெரிய முத்தம். சுவரெல்லாம் கம்பளமா தொங்கவுட்டு வெச்சிகீறான்."

மியூசியத்தை அப்படியே பிள்ளைக்குப் பட்டா போட்டுக் கொடுத்தார். அவள் சொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கறையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தேய்க்காமல் அப்படியே குங்குமம் வைத்து சாமி அலமாரியில், மதுராந்தகத்து ஜாதகத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அவளிடம் உண்மையைச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. நீ செத்துட்டடி, உன் புள்ளையே உனக்குத் துவா கேட்டுட்டான் என்று பொண்டாட்டி முகத்தைப் பார்த்து எந்தப் புருஷன் சொல்வான்?

சாயங்காலம் பரணி வீடியோ போட்டான். பின்னால் எப்போதும் போல ஒரு வெள்ளைச் சுவர். பார்வதம் சொம்பை எடுத்துவந்து போன் முன்னால் பிடித்தாள். "ஏண்டா, பாலு கிழக்கால பொங்கிச்சாமே!"

டீக்கடை சமாச்சாரத்தை அவனிடம் செங்கல்வராயன் சொல்லவே இல்லை. இப்போது விழிப்பான். எந்தப் பாலு என்று கேட்பான், திக்குவான், மாட்டுவான். மாட்டட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தார். இந்தப் பொய்யை ஒண்டியாகத் தூக்கிச் சுமக்க அவருக்குத் தெம்பில்லை. திக்கட்டும், தாய் கண்டுபிடிக்கட்டும், கத்தி அழட்டும். பெற்றவள் முன்னால் பிள்ளைக்கு நாக்குத் தடுமாறினால், அவன் இன்னும் பிள்ளைதான் என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம்.

பரணி சொம்பைப் பார்த்தான். கறையைப் பார்த்தான். கண்கூட இமைக்கவில்லை.

"ஆமாம்மா. கிழக்காலதான். நைனா கண்ணுல தண்ணியே வந்துடுச்சி."

பார்வதம் சிரித்தாள். "அப்பிடியாய்யா? அழுதேன்னு சொல்லவேயில்ல?" என்று திரும்பினாள். செங்கல்வராயன் கண்ணிலிருந்து அப்போதுதான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. கோட்டையில் வராதது, கடற்கரையில் வராதது, மொத்தமாக வந்தது.

"ஐய, இப்பவும் அழுவுது பாருடா. புள்ள மேல அவ்ளோ ஆசை," என்று அவள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, போனை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தாள். "நல்லாப் பாரு உங்க நைனாவ."

பரணி பார்த்தான். பார்த்துவிட்டு, பட்டறைக்கு ஆள் வந்துகீதும்மா, அப்பறம் பேசறேன் என்று போனை வைத்தான்.