இரண்டு சின்னது, ஒரு நீளம்

முதல் தடவை ஷிஜா தோற்றது தங்கபாயின் வீட்டு கேட்டுக்கு முன்னால்.

ஹெவி லைசென்சுக்கான டெஸ்ட் அது. பாறசாலையில் மைதானத்து டெஸ்டை, நட்டு வைத்த கம்பிகளில் ஒன்றைக்கூடத் தொடாமல் லாரியைப் பின்னால் எடுத்து முடித்திருந்தாள். பிறகு இன்ஸ்பெக்டர் உண்ணி ஏறி உட்கார்ந்து, குன்னத்துகால் ரோட்டில் போகச் சொன்னார். தினமும் அவள் கூட்ஸ் ஆட்டோவில் மீன் விற்றுக்கொண்டு போகும் ரோடு. பால் சொசைட்டி தாண்டி வளைவு வந்ததும் பெருவிரல் தானாக ஹார்னுக்குப் போனது. இரண்டு சின்னது, ஒரு நீளம். கால் தானாக பிரேக்கை மிதித்தது. ஆட்டோ நிற்கும் அதே இடத்தில் லாரி பதமாக வந்து நின்றது.

ஆட்டோ ஹார்னுக்கு நடந்து வருகிறவர்கள் லாரி ஹார்னுக்கு ஓடி வந்தார்கள். புஷ்பபாய் சட்டியோடு. தங்கபாய் அலுமினியப் பாத்திரத்தோடு. அவளுக்குப் பின்னால் வாலைத் தூக்கிக்கொண்டு அவளுடைய பூனை. தங்கபாய் லாரியை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏட்டி, இன்னைக்கு லாரி நெறயவா மீனு?"

உண்ணி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "மதி. எறங்ஙிக்கோ" என்றார் மலையாளத்தில், போதும் என்று கையைக் காட்டி.

டிரைவிங் ஸ்கூல் நடத்தும் கில்பர்ட் ஆசானும் லாரியில் பின்னால் உட்கார்ந்திருந்தார். மைதானத்தில் லாரியை நிறுத்திய பிறகுதான் சொன்னார்: "கியரு மாறிப் போட்டுத் தோத்தவன் உண்டு. பிரேக்குன்னு நெனச்சு கிளச்சச் சவுட்டித் தோத்தவன் உண்டு. மீன் வித்துத் தோத்தது நீ ஒருத்தியாக்கும்."

சிரிக்கும்படிதான் இருந்தது. ஷிஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அழவும் தெம்பில்லை.

அவளுடைய வீடு காஞ்சிரங்குளத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டி. கணவன் அனீஷ் வள்ளத்தில் போகிறவன். இருவரும் இருட்டில் ஒரே நேரத்தில் எழுந்திருப்பார்கள். அவன் கடலுக்கு, அவள் விழிஞ்ஞத்தில் மீன் ஏலத்துக்கு. கணுக்கால் வரை ஐஸ் தண்ணீரில் நின்று, விலை கேட்டு, பெட்டிகளை ஏற்றி, வெளுக்கும்போது ஆட்டோ கிழக்கே திரும்பும். மீன் தீர்ந்து வீடு வரும்போது வெயில் உச்சியில் நிற்கும். பெட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து, சோறு வடித்து, பிள்ளைகளின் துணியைத் துவைத்து, ராத்திரி தலையைச் சாய்த்தால் அடுத்த நொடியே அலாரம் அடிப்பதுபோலத் தோன்றும். குளிர்காலம், மழைக்காலம் என்று வித்தியாசமில்லை. தூக்கக் கணக்கில் அவள் எப்போதும் பின்தங்கியே இருந்தாள்.

அந்த முதல் டெஸ்டுக்கு வெகு முன்பே, மழை தொடங்கிய நாட்களில் ஒரு மதியம், ஆட்டோவை ஓட்டிக்கொண்டே உறங்கிவிட்டாள். கண் விழித்தபோது முன்சக்கரம் யாருடைய மரச்சீனித் தோட்டத்திலோ புதைந்து நின்றது. ரோட்டின் இன்னொரு பக்கம் பள்ளிக்கூடத்துச் சுவர். யாரும் பார்க்கவில்லை. பின்னால் எடுத்து, சேற்றைத் துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். அனீஷிடம்கூடச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு ஒரு ஆசைதான் இருந்தது. விடிந்த பிறகு தொடங்குகிற ஒரு வேலை.

அப்படி ஒரு வேலை குன்னத்துகாலில் மாட்டுத்தீவன டிப்போவில் இருந்தது. பால் சொசைட்டிகளுக்கு மூட்டை கொண்டுபோகும் லாரி. காலையில் வெயில் ஏறியபின் எடுத்தால் சாயங்காலம் விட்டுவிடலாம். ஏற்றி இறக்க வேறு ஆட்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை லீவு. பழைய டிரைவர் மாதக் கடைசியோடு நிற்கிறார். டிப்போ மேனேஜர் எலியா அவளிடம் மீன் வாங்குகிறவர்.

"ஒனக்கு இந்த ரோடெல்லாம் தண்ணிபட்ட பாடாக்கும்," என்றார் எலியா. "ஹெவி லைசென்ஸ் எடுத்துட்டு வா. மாசம் முடியதுக்குள்ள வரல்லன்னா நான் வேற ஆளப் போட்டிருவேன். பெறவு எனக்க மேல கோவப்படப்பிடாது, அயிலைக்கு வெலை கூட்டப்பிடாது."

இரண்டாவது டெஸ்டுக்குத் தேதி கிடைத்தது மாதத்தின் கடைசி வாரத்தில். இதிலும் தோற்றால் அடுத்த தேதிக்குள் டிப்போவில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பான்.

முந்தின நாள் மீன் விற்கும்போது தங்கபாயின் கேட்டருகே எல்லோரையும் நிறுத்திச் சொன்னாள்.

"நாளைக்கு மீன் கெடையாது. லாரியில டெஸ்டுக்கு வருவேன். ஒருத்தரும் பாத்திரத்தத் தூக்கிட்டு வரப்பிடாது."

"ஹார்ன் அடிச்சா?" புஷ்பபாய் கேட்டாள்.

"அடிக்க மாட்டேன்."

"அடிச்சா?"

"அடிச்சாலும் வரப்பிடாது அக்கா. கையெடுத்துக் கும்பிடுதேன்."

தங்கபாய் சாளை மீனை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "நீ பாஸானத நாங்க எப்படி அறியது?"

"பாஸானா டிப்போல சொல்லப் போவணும். ஆட்டோல இதுவழியாத்தான் போவேன். அப்ப அடிக்கேன், நம்ம ஹார்ன."

"அடிக்கல்லன்னா தோத்துப்போச்சு. செரி மக்கா. நான் ஜெபிக்கேன்."

"கர்த்தரிட்டயாவது வெலை கொறைக்கக் கேக்காத," என்றாள் புஷ்பபாய்.

டெஸ்ட் அன்று ஏலத்துக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் உடம்புக்கு அதை யார் சொல்வது? வழக்கமான நேரத்தில் விழிப்பு வந்துவிட்டது. அனீஷ் போனபிறகு பாயில் புரண்டாள். எழுந்து ஆட்டோவைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். கழுவியும் மீன் வாடை போகவில்லை.

மைதானத்தில் வெயில் அடித்தது. தகரக் கூரையின் கீழ் நின்றவர்களில் அவள் ஒருத்திதான் பெண். ஆசானிடம் கூடவே படித்த நிபின், மச்சானின் டிப்பரை இப்போதே ஓட்டுகிறவன், முடியைக் கோதிக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

"அக்கா, இன்னைக்கு என்ன மீனு?"

"நெத்தோலி," என்றாள் ஷிஜா, கண்ணைத் திறக்காமல். "ஒனக்க சைஸ்ல உண்டு."

ஆசான் சிரித்தார். நிபின் தள்ளிப்போய் நின்றான்.

மைதானத்து டெஸ்டில் அன்றும் கம்பிகள் ஆடவில்லை. ரோடு டெஸ்டுக்கு முதலில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டர் உண்ணி ஏறினார். ஆசானும் நிபினும் பின்னால், கிளீனர் படுக்கும் பலகையில் உட்கார்ந்தார்கள். உண்ணி அவள் முகத்தைப் பார்த்தார். ஞாபகம் வந்த மாதிரி உதட்டோரம் அசைந்தது.

"அதே வழி போட்டே" என்றார்.

அதே வழி. ஷிஜா கியரைப் போட்டாள். கைகள் மரத்திருந்தன, கண்ணுக்குள் மணல் கிடந்தது. ஆனாலும் லாரி சொன்னபடி கேட்டது. ரப்பர் தோட்டம், மரக்கடை, சர்ச், பால் சொசைட்டி. பெருவிரலை மடக்கி ஸ்டியரிங்குக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அடிக்கக்கூடாது, அடிக்கக்கூடாது என்று உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டோரத்தில் ஒரு போர்டு நின்றது. ஹார்ன் படத்தோடு, பாதி தூசி மூடியது. இத்தனை காலம் இதுவழியாகப் போயும் அவள் அதைப் பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டிய தேவை வந்ததில்லை. அவள்தான் எப்படியும் அடிப்பாளே.

எதிரே வருவது தெரியாத வளைவு. இங்கே அடிக்காமல் போனாலும் தோல்வி. அடித்தாலோ, அந்த விரல் ஒன்றோடு நிற்குமா? உண்ணியின் பேனா தாளின் மேல் நின்றுகொண்டிருந்தது.

பெருவிரலை எடுக்கவில்லை. உள்ளங்கையை ஹார்னின் மேல் வைத்து, ஒரே அழுத்தாக அழுத்தினாள். ஒரே ஒரு நீளம். அது மீன்காரியின் ஹார்னாக இல்லை, லாரியின் ஹார்னாக இருந்தது. வளைவுக்கு அப்பால் வந்துகொண்டிருந்த பஸ் வேகத்தைக் குறைத்து ஒதுங்கியது. ஷிஜா இடதுபக்கம் அணைத்து வளைவைக் கடந்தாள்.

கடந்ததும் பார்த்தாள். வரக்கூடாது என்று சொன்ன அத்தனை பேரும் அவரவர் கேட்டில் நின்றார்கள். பாத்திரம் இல்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்பதுபோல. ஹார்ன் சத்தத்துக்குப் புஷ்பபாயின் ஒரு கால் ரோட்டில் இறங்கியது. தங்கபாய் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். பூனைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அது ரோட்டோரம் வந்து உட்கார்ந்திருந்தது.

"அவிடே ஒதுக்கி நிர்த்து" என்றார் உண்ணி.

அவர் காட்டிய இடம் தங்கபாயின் கேட். இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, பூனை எழுந்து போகும்வரை பொறுத்து, நிறுத்தினாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள்.  ஜன்னலுக்குக் கீழே ஒரு கை தூரத்தில் தங்கபாய் நின்றாள், வாயை இறுக மூடிக்கொண்டு, ஷிஜாவை முன்பின் பார்த்திராதவள்போல மரத்தைப் பார்த்துக்கொண்டு.

உண்ணி தலையை வெளியே நீட்டினார். "எந்தா அம்மே?"

"ஒண்ணுமில்ல சாறே," என்றாள் தங்கபாய். "சும்மா நிக்கேன். மீனெல்லாம் ஒண்ணும் வேண்டாம்."

"மீன் வேணோன்னு ஞான் சோதிச்சில்லல்லோ." கேட்காத கேள்விக்குப் பதில் வந்ததில் உண்ணி புருவத்தை உயர்த்தினார்.

பின்னால் ஆசான் இருமினார். ஷிஜா கண்ணாடிக்கு வெளியே நேராகப் பார்த்தாள். உண்ணி தாளில் என்னவோ எழுதினார். "சரி. எடுக்கு" என்றார்.

இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டச் சொல்லி, ஒரு ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொல்லி, நிபினுக்கு இடம் கொடுக்கச் சொன்னார். பாஸ் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. ஷிஜா பின்னால் ஏறி பலகையில் உட்கார்ந்தாள். யாரோ படுத்துத் தேய்த்த பலகை. சுருட்டி வைத்த தார்ப்பாயில் தலை தானாகச் சாய்ந்தது. நிபின் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றியது வரை கேட்டது.

யாரோ தோளைத் தட்டினார்கள். லாரி மைதானத்தில் நின்றது. வண்டியில் கில்பர்ட் ஆசான் மட்டும். நிழல் இடம் மாறியிருந்தது.

"எழும்பு புள்ள. எல்லாரும் சோறு திங்கப் போயாச்சு."

ஷிஜா வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "எனக்க காரியம் என்னாச்சு ஆசானே?"

"பாஸாக்கும். ஒனக்கும் பாஸ், ஒன்னால அந்தப் பயலுக்கும் பாஸ்."

"என்னாலயா?"

"அவன் ரெண்டு மட்டம் பிரேக்கச் சவுட்டின சவுட்டுக்கு எனக்க பல்லு ஆடிப்போச்சு. உண்ணி சாறு திரும்பிப் பாத்தாரு. நீ குறட்டை விட்டுக் கெடக்க. 'இவளு ஒறங்கணுமெங்கில் ஓட்டம் அத்ர மோசமல்ல'ன்னு சொல்லி அவனுக்கும் எழுதிட்டாரு."

சந்தோஷம் வரும் என்று ஷிஜா காத்திருந்தாள். வந்தது, ஆனால் நெடுந்தூரம் நடந்து வந்த மாதிரி களைத்துப்போய் வந்தது. அனீஷ் போனை எடுக்கவில்லை, வள்ளம் இன்னும் கரைக்கு வந்திருக்காது. தண்ணீரில் முகம் கழுவி ஆட்டோவை எடுத்தாள்.

குன்னத்துகால் ரோடு மதிய வெயிலில் காலியாகக் கிடந்தது. கண் சொருகாமலிருக்க ஜன்னல் பக்கம் முகத்தை நீட்டி ஓட்டினாள். பால் சொசைட்டி, தூசி மூடிய போர்டு, வளைவு, கேட்டுகள். டிப்போ வாசலில் ஆட்டோவை நிறுத்திச் சாவியைத் திருப்பும்போது போன் அடித்தது. தங்கபாய்.

"சாரமில்ல மக்கா, கவலப்படாத," என்றாள் எடுத்த எடுப்பில்.  "நாங்க எல்லாம் கேட்டுல நின்னு பாத்தோம். நீ திரும்பிப் பாக்காமப் போன போக்குலயே மனசிலாச்சு. நான் வாயத் தொறந்ததுனாலயா? மீன் வேண்டாம்னுதான சொன்னேன். அடுத்த மட்டம் நான் வீட்டுக்குள்ளயே இருக்கேன்."

ஷிஜாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு தன் பெருவிரலைப் பார்த்தாள். அது இன்னும் ஸ்டியரிங்குக்கு அடியில் மடங்கியிருந்தது.

"அக்கா, பாஸாயிட்டேன்."

"என்னது?"

"பாஸாக்கும். ஹார்ன் அடிக்க மறந்துபோச்சு."

 தங்கபாய் பக்கத்தில் நின்ற புஷ்பபாயிடம் கத்தினாள்: "ஏட்டி புஷ்பம், அவ பாஸாயிட்டா! அழுகைய நிறுத்து!" மீண்டும் போனுக்கு வந்தாள். "பின்ன இனி ஒனக்கு இருட்டுல எழும்பண்டாம், இல்லியா?"

"வேண்டாம் அக்கா. மாசம் முடியது வரைதான்."

"நல்லது மக்கா." குரல் கொஞ்சம் இறங்கியது. "எங்களுக்குத்தான் இனி மார்க்கெட்டுல போய் ஐஸ் மீன் வாங்கணும். பரவால்ல. நாளைக்கு உண்டுல்லா?"

"நாளைக்கு உண்டு."

"சாளை வந்தா ரெண்டு கிலோ எடுத்து வை. ஹார்ன மறந்திராத." தங்கபாய் போனை வைக்கப்போய், வைக்காமல் கேட்டாள். "எங்க நிக்க நீ இப்ப?"

"டிப்போ வாசல்ல. எலியா சாறு சோறு உண்ணப் போயிருக்காரு போல, கேட் பூட்டிக் கெடக்கு."

"அப்ப அவரு வாறது வரை கொஞ்சம் கண்ணடச்சு இரி புள்ள."

ஷிஜா ஏற்கெனவே அடைத்திருந்தாள்.