வேப்பூர் வரைக்கும்

மூன்று வருடம்கூட ஆகாத கார், காலையில் கிளப்பினால் உதறியது. நின்ற இடத்தில் ஸ்டியரிங் நடுங்கியது. பெட்ரோல் பங்க்கை மாற்றிப் பார்த்தும் சரியாகவில்லை. சிவசங்கரியின் கணவன் நந்தகுமார்தான் விருத்தாசலம் பைபாஸில் இருக்கும் மெக்கானிக் பாவாடையின் பட்டறைக்கு அவளை அனுப்பினான்.

"வேலை முடியற வரைக்கும் அங்கயே இரு. வண்டிய வுட்டுட்டு எங்கயும் போவாத."

பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் சூளை அவனுடையது. கணக்கு வழக்கெல்லாம் அவள் பொறுப்பு. வீடு, மகள் இளமதியின் பள்ளிக்கூடம், சூளை என மூன்றும் பக்கத்தில் பக்கத்தில். கார் அவளுக்கென்று வாங்கியதுதான். ஆனால் அது எந்தத் தெருவில் நிற்கிறது என்பதை அவன் போன் காட்டிக்கொண்டே இருக்கும். போன வருடம் கம்மாபுரத்தில் இருக்கும் அம்மாவைப் பார்க்கக் கிளம்பியவளை, ஊர் தாண்டும் முன்பே கூப்பிட்டுத் திரும்பி வரச் சொன்னான். திட்டவில்லை. "சொல்லியிருந்தா நானே கூட்டிப் போயிருப்பேன்ல" என்றான். இன்னும் கூட்டிப் போகவில்லை.

"மேடம், வந்து பாருங்க."

இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்தார் பாவாடை. உள்ளே வால்வுகளின் மேல், பால் அடிப்பிடித்த சட்டி போல, கரி அடையடையாக ஒட்டியிருந்தது.

"இந்த இன்ஜின்ல பெட்ரோல் நேரா சிலிண்டருக்குள்ள போயிடுதுங்க. வால்வு மேல பட்டாதானே கழுவி வுடும்? ஆயில் புகை மட்டும் வந்து வந்து காஞ்சி அப்பிக்கிது."

"எல்லா வண்டிக்கும் இப்படித்தானா?"

"இந்த மாதிரி இன்ஜினுக்கு ஆவும், ஆனா லேட்டா ஆவும். நீங்க ரெண்டு கிலோமீட்டரு போயி நிறுத்திடறீங்க. சூடே ஏற மாட்டேங்குது. அதான் சீக்கிரமே அடைச்சிக்கிச்சி."

ஒவ்வொரு சிலிண்டராக வால்வு மூடியிருக்கும்படி இன்ஜினைத் திருப்பி வைத்து, அக்ரூட் ஓட்டுப் பொடியைக் கம்ப்ரசர் காற்றில் அடித்தார். உதிர்ந்த கரியை வாக்குவம் உறிஞ்சியது. பிசுபிசுத்த மிச்சத்தை மருந்து ஊற்றி பிரஷ்ஷால் தேய்த்தார். மதியத்துக்குள் வால்வுகள் வெள்ளையாகத் தெரிந்தன.

எல்லாம் மாட்டியதும் சொன்னார்: "வேப்பூரு வரைக்கும் ஓட்டிப் பாக்கணுங்க. எனக்கு இன்னொரு வண்டி பிரிச்சது பிரிச்சபடி கெடக்குது. நீங்களே ஒரு வாட்டி போயிட்டு வந்துடறீங்களா?"

"நானா?"

"நீங்கதானே ஓட்டறீங்க?"

நந்தகுமாரிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியது. போனை எடுத்தாள், பையிலேயே போட்டுவிட்டாள்.

ஊர் முடிந்ததும் மிதித்தாள். கார் திமிறிக்கொண்டு போனது. நடுக்கமே இல்லை. முன்னால் போன பஸ்ஸைத் தாண்டியபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணாடியை இறக்கினாள். கம்பங்கொல்லைக் காற்று முகத்தில் அறைந்தது. இந்தச் சாலையில் தனியாக வந்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வேப்பூர் கூட்டுரோட்டில் ஓரமாக நிறுத்தினாள். வலது பக்கம் போனால் சென்னை, இடது பக்கம் திருச்சி. லாரிகள் சீறிக்கொண்டு போயின. போன் அடித்தது.

"வண்டி ஏன் வேப்பூர்ல நிக்கிது?"

"பாவாடை அண்ணன் ஓட்டிப் பாக்கச் சொன்னாருங்க."

"அவரு பக்கத்துல இருக்காரா?"

"இல்ல."

"சரி. திரும்பி வா. மெதுவாவே வா."

டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தது. நாலு மணிக்கு இளமதி பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்பாள். சிவசங்கரி ஒரு தடவை சென்னைப் பக்கம் பார்த்தாள். பிறகு விருத்தாசலம் பக்கமாக வண்டியைத் திருப்பினாள்.

பட்டறையில் நந்தகுமார் காத்திருந்தான். கோபமாகத் தெரியவில்லை. டீகூட வரவழைத்திருந்தான்.

"அடிக்கடி தூரமா ஓட்டுனா மறுபடி அடைக்காதுன்னு சொல்றீங்க. அதானேண்ணே?"

"சீக்கிரம் அடைக்காதுங்க சார்."

"அப்ப மாசம் ஒருக்கா நீங்களே எடுத்துட்டுப் போயி ஓட்டிட்டு வந்துடுங்க. அவளுக்கு ஆயிரம் வேலை இருக்குது."

பாவாடை சிவசங்கரியைப் பார்த்தார். அவள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "சரிங்க சார்" என்றார்.

அவள் கதவருகே போவதற்குள் நந்தகுமார் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, அவள் உயரத்துக்கு வைத்திருந்த சீட்டைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தான். அவள் சுற்றிக்கொண்டு போய் இடது பக்கம் ஏறினாள்.

"சூப்பரா இழுக்குதுல்ல?" என்றான் அவன்.

"ம்" என்றாள்.