ஒற்றைக் கை ஆம்லெட்

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் என் வாயில் உள்ள பல் அத்தனையும் இன்றைக்கே கொட்டிப்போகட்டும். மொத்தம் எத்தனை பல் இருக்கிறது என்று கேட்காதீர்கள். சத்தியத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

என் மகள் வெளிநாட்டில் வேலை பார்க்கிறாள். என்ன வேலை என்று யாராவது கேட்டால் "டாக்டர் மாதிரி" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. டாக்டர் ஆளைப் பிழைக்கவைத்து அனுப்பிவிடுகிறார். பிழைத்தவர் வீட்டுக்குப் போய்ச் சட்டைக்குப் பொத்தான் போட வேண்டாமா? செருப்பு மாட்ட வேண்டாமா? பஸ் ஏற வேண்டாமா? கை வராதவர், கால் வராதவர், கண் தெரியாதவர், எல்லாரும் இதையெல்லாம் அவரவர் வழியில் செய்யப் பழக்குகிற இடம் அது. செயல்முறைச் சிகிச்சை என்கிறார்கள்.

"வீட்ல உக்காந்து சுவத்தப் பாத்துட்டிருக்கறதுக்கு, என் கூட வந்து பாருங்கப்பா. ஆனா ஒண்ணு, எதையும் தொடக் கூடாது," என்றாள்.

"நான் எதைத் தொட்டிருக்கேன்?" என்றேன்.

அங்கே பேசுவது வேறு பாஷை. மகள்தான் எனக்கு மொழிபெயர்த்தாள். சில இடங்களில், "இதெல்லாம் உங்களுக்கு வேண்டாம்ப்பா" என்று விட்டுவிட்டாள். அந்த இடங்களை நானே நிரப்பியிருக்கிறேன். மற்றபடி அட்சரம் பிசகாது.

கட்டடத்துக்குள்ளே ஒரு தெருவையே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். பஸ் ஒன்றைப் பாதியாக வெட்டி, முன்பாதியைக் கூடத்தின் நடுவே நிறுத்தியிருந்தார்கள், ஏறி இறங்கிப் பழக. பக்கத்தில் படிக்கட்டு, மேலே ஏறினால் ஒன்றுமில்லை, திரும்பி இறங்க வேண்டியதுதான். ஒரு கதவில் உலகத்தில் உள்ள தாழ்ப்பாள், பூட்டு, கொக்கி எல்லாம் இருந்தது. விரல் மடங்காத ஒருவர் காலையில் இருந்து அத்தனையையும் திறந்து முடித்தார். கதவுக்குப் பின்னால் சுவர். அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு மறுபடி பூட்ட ஆரம்பித்தார்.

நான் போன கொஞ்ச நேரத்தில் சக்கர நாற்காலியில் இருந்த ஒரு அம்மாள், நீளக் கம்பி ஒன்றால் காலுறையைக் காலுக்குள் இழுத்துக்கொண்டிருந்தார். காலுறை நழுவிக் கீழே விழுந்தது. நான் குனிந்தேன். அவ்வளவுதான், காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு விசில்.

ஊதியது அங்கே பரீட்சை வைக்கிற அதிகாரி அம்மாள். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். உதவி செய்ய யார் கை நீட்டினாலும் ஊதிவிடுவார். எல்லாரும் அவருக்கு 'விசில் அம்மா' என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள்.

"அவங்களே எடுப்பாங்க. நீங்க எடுத்துக் குடுத்தா, வீட்லயும் கூடவே போய்க் குடியிருப்பீங்களா?" என்று கேட்டார்.

சக்கர நாற்காலி அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வேணாம், வேணாம்" என்றார். கம்பியாலேயே காலுறையை எடுத்தும்விட்டார்.

இரண்டாவது விசிலுக்குப் பிறகு எனக்குக் கையுறை மாட்டிவிட்டார்கள். பஞ்சு அடைத்து, தலையணை அளவுக்கு இருக்கும். உதவி செய்யாமல் இருக்க முடியாத விருந்தாளிகளுக்கென்றே தைத்தது. என்னுடையதில், முன்பு போட்டவர் கழற்றப் பார்த்துக் கடித்த பல்தடம் இருந்தது.

அப்போதுதான் அந்த டிரைவரைப் பார்த்தேன். ஐம்பது வயது இருக்கும். பஸ் ஓட்டிக்கொண்டிருந்த மனிதர். பக்கவாதம் வந்து வலது கை மடியில் கிடக்கும், வலது கால் இழுத்துக்கொண்டு வரும். வெட்டிய பஸ்ஸில் பயணியாக உட்காரவே மாட்டாராம். நின்றுகொண்டே, "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காதே" என்று மற்றவர்களை விரட்டிக்கொண்டிருந்தார்.

என் கையுறையைப் பார்த்துவிட்டு, "பெரியவரே, உங்களுக்கு எது வரல?" என்று கேட்டார்.

"எனக்கா? எனக்கு எல்லாம் வரும்."

"எல்லாம் வரும்னு சொல்றவங்கதான் இங்க ரொம்ப நாளா இருக்காங்க."

எனக்கு ஆளைப் பிடித்துப்போய்விட்டது.

அன்றைக்கு அவருக்குச் சமையலறைப் பரீட்சை. தனியாக ஆம்லெட் போட வேண்டும், டீ வைக்க வேண்டும், அடுப்பில் ஏதாவது ஆபத்து வந்தால் சமாளிப்பார் என்று விசில் அம்மாவுக்கு நம்பிக்கை வரவேண்டும். தேறினால் அவருடைய வீட்டுச் சாவி கைக்கு வரும். மாடியில் ஒற்றை அறை, அவர் ராஜ்யம். தேறாவிட்டால் அக்கா வீடு.

"அக்கா வீடுன்னா நல்லதுதானே தம்பி?"

"நல்லதா? அக்காவுக்கு நான் இன்னும் கைக்குழந்தை. போன வாரம் பாக்க வந்தா. ஸ்பூன எடுத்து, 'கண்ணு, ஆ காட்டு'ன்னு ஊட்டிவிட்டா. இத்தனை பேர் முன்னாடி! இந்தக் கைதான் போச்சு, இடது கை இருக்குடின்னா, 'பேசாம முழுங்கு'ங்கறா. இன்னைக்குச் சாயங்காலம் கார் எடுத்துட்டு வரா. தேறலைன்னா அப்படியே தூக்கிப் போட்டுட்டுப் போயிடுவா. அடுத்த பரீட்சைக்கு ஒரு மாசம் ஆகும். ஒரு மாசம் ஆ காட்டிட்டே இருக்கணும்."

மனிதருக்கு அதைச் சொல்லும்போதே வாய் இறுக மூடிக்கொண்டது.

சமையலறைக்குப் போனோம். எனக்குச் சமையல் என்றால் சுத்த சூனியம். அடுப்பங்கரைப் பக்கம் தலைவைத்துப் படுத்தவனில்லை. அதனால் எல்லாமே புதுமையாக இருந்தது. நறுக்குகிற பலகையில் இரண்டு ஆணி மேல்நோக்கி நின்றது; வெங்காயத்தை அதில் குத்திவிட்டால் நகராது. கிண்ணத்துக்கு அடியில் ரப்பர் விரிப்பு. கெண்டியைத் தூக்க வேண்டாம், ஒரு கம்பித் தொட்டிலில் படுத்திருக்கும், சாய்த்தால் போதும்.

டிரைவர் இடது கையால் வெங்காயத்தைக் குத்தினார், நறுக்கினார். முட்டையைக் கிண்ணத்து விளிம்பில் தட்டி, கட்டைவிரலால் விரித்தார். ஓடு ஒரு துணுக்கு விழவில்லை. விசில் அம்மா மூச்சுவிடாமல் எழுதினார். என் மகள் நகத்தைக் கடித்தாள். வாணலியில் எண்ணெய் காய்ந்தது. இன்னும் காய்ந்தது. ஓரத்தில் லேசாகப் புகை கிளம்பியது. அவர் கிண்ணத்தை எடுக்கத் திரும்பியிருந்தார்.

அடுத்து நடந்ததற்கு நான் பொறுப்பல்ல. என் கை, கையுறையோடேயே போய், அடுப்புக் குமிழைத் திருகித் தீயைக் குறைத்துவிட்டது.

விசில்.

"பரீட்சை செல்லாது. வெளியாள் உதவி," என்றார் விசில் அம்மா.

டிரைவருக்கு முகம் செத்துவிட்டது. பிறகு அதே முகம் சிவந்தது.

"யோவ் பெரிசு! உன்ன யாருய்யா கேட்டா? நான் பாத்துட்டுதான் இருந்தேன்! நானே குறைச்சிருப்பேன்!"

"அப்பா!" என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "இதுக்குத்தானே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்?"

"கை தானா போயிடுச்சும்மா."

"ரெண்டு கையும் நல்லாருக்குல்ல?" என்றார் டிரைவர். "ஒரு கையக் கட்டிட்டு நீ போட்டுக் காட்டுய்யா ஆம்லெட்ட! அப்பத் தெரியும் கஷ்டம்."

என் மகளுக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது.

வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் ஒரு கையைக் கட்டிக்கொண்டு ஒரு வேலையைச் செய்து பார்ப்பது அங்கே வழக்கம்தானாம். அதற்கப்புறம் அவர்களுக்கு உதவி செய்கிற புத்தி தெளிந்துவிடுமாம். விசில் அம்மா சம்மதித்தார். என் கையுறையைக் கழற்றி, வலது கையைத் துணியால் நெஞ்சோடு கட்டினார்கள்.

"யாரும் உதவக் கூடாது," என்றார் விசில் அம்மா.

"கூடவே கூடாது," என்றார் டிரைவர், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து.

முதல் முட்டையை மேசை விளிம்பில் தட்டினேன். அது உருண்டு என் சட்டைக் கைக்குள் போய், முழங்கையில் உடைந்தது. இரண்டாவதைக் கொஞ்சம் வேகமாகத் தட்டினேன். அது மேலே போனது. எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். கூரையில் ஒட்டிக்கொண்டு, இறங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. வெங்காயத்தைக் குத்தப் போனேன். ஆணியில் என் சட்டைப் பொத்தான் மாட்டிக்கொண்டு, பலகையை நெஞ்சில் பதக்கம் மாதிரி தொங்கவிட்டபடியே மீதிச் சமையலைச் செய்ய வேண்டியதாயிற்று.

"அப்பா, போதும்ப்பா," என்றாள் மகள்.

"உதவக் கூடாது," என்றேன்.

எண்ணெய்க் குளியலுக்கு ஊற்றுகிற மாதிரி வாணலியில் எண்ணெய் ஊற்றினேன். தீயை முழுசாகத் திருப்பினேன். குறைத்தால்தானே குற்றம்? அடுப்பு ஓரமாக ஒரு துண்டு கிடந்தது. அதை அங்கே யார் வைத்தது என்று இன்றுவரை தெரியவில்லை. நான்தான் வைத்தேன் என்று மகள் சொல்கிறாள்.

துண்டு தீப்பிடித்தது. வாணலியும் பிடித்தது. மேலே அபாய மணி அலறியது. கட்டடமே ஒழுங்காக வெளியே நடந்தது. வெட்டிய பஸ்ஸில் இருந்தவர்கள் வரிசையாக இறங்கினார்கள். பூட்டுக்காரர் மட்டும், "இந்த ஒண்ணு மட்டும்" என்று நின்றாராம். விசில் அம்மா வாசலுக்குப் போய் நின்று, வாயில் விசிலோடு திரும்பிப் பார்த்தார். என் மகளைத் தோளைப் பிடித்து வெளியே நிறுத்திக்கொண்டார். உள்ளே நானும் டிரைவரும்; மொழிபெயர்ப்பு மட்டும் வாசலில் இருந்து வந்தது.

நான் மிச்சமிருந்த ஒரு கையால் தீயை விசிற ஆரம்பித்தேன்.

"விசிறாதே! யாராவது நெருப்ப விசிறுவாங்களா? தள்ளுய்யா!"

காலை இழுத்துக்கொண்டு வந்தார். இடுப்பால் என்னை ஒரு இடி. நான் நாற்காலியில் விழுந்தேன். இடது கையால் குமிழை மூடினார். பெரிய மூடியை எடுத்து வாணலிமேல் கவிழ்த்தார். இடுக்கியால் துண்டைத் தொட்டியில் தள்ளிக் குழாயைத் திறந்தார். சன்னல் கொக்கியை முழங்கையால் தட்டிவிட்டார். எல்லாம் ஒரு வளைவில் பஸ்ஸைத் திருப்புகிற நிதானத்தில் நடந்தது.

"உக்காந்த இடத்த விட்டு அசையாதே," என்றார் என்னிடம்.

"பசிக்குது தம்பி," என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை. ஆனால் முட்டை மிச்சமிருந்தது. முணுமுணுத்துக்கொண்டே வேறு வாணலியை எடுத்தார். எண்ணெய் காய்ந்தது, ஓரத்தில் புகை கிளம்பப் பார்த்தது. நான் கட்டாத கையை என் தொடைக்கு அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவரே தீயைக் குறைத்தார். ஆம்லெட் நிலா மாதிரி வந்து தட்டில் இறங்கியது. கெண்டியைச் சாய்த்து டீ ஊற்றினார்.

அதற்குள் தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. தடதடவென்று உள்ளே வந்தவர்கள் வாசனையில் அப்படியே நின்றுவிட்டார்கள். அவர்களுக்கும் போட்டுக்கொடுத்தார். ஒருவர் வாணலியைப் பிடித்துக்கொள்ளக் கை நீட்டினார். விசில் அம்மா ஊதிய ஊதலில் அவர் தலைக்கவசம் கழன்று விழுந்தது.

"இது பரீட்சையா, இல்லையா?" என்று என் மகள் அவரைக் கேட்டாள். "தனியாத்தானே செஞ்சார்?"

"முதல் பரீட்சை செல்லாது," என்றார் விசில் அம்மா. "இரண்டாவது பரீட்சைக்கு யாரும் விண்ணப்பிக்கவில்லை."

"நெருப்பு விண்ணப்பிச்சுதே," என்றேன்.

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். நெஞ்சில் தொங்கிய பலகையைப் பார்த்தார். கூரையில் இருந்த முட்டையைப் பார்த்தார். அது அப்போதுதான் இறங்க முடிவெடுத்து, அவருடைய காகிதத்தின்மேலேயே வந்து விழுந்தது. அதைத் துடைத்துவிட்டு ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த நேரம் அக்கா வந்து சேர்ந்தார். கையில் பை, பைக்குள் ஸ்பூன், கழுத்துத் துண்டு.

"கண்ணு! தீப்பிடிச்சுதாமே! ஒண்ணும் ஆகலியே? ஐயோ, வாடிப்போயிட்டியே, வா, முதல்ல ஒரு வாய் சாப்பிடு, ஆ..."

அக்கா 'ஆ' சொன்னதும் டிரைவர் முள்கரண்டியில் ஒரு துண்டு ஆம்லெட்டைக் குத்தி அவர் வாயில் வைத்துவிட்டார்.

அக்கா மென்றார். நின்று மென்றார். தம்பியின் இடது கையையே பார்த்துக்கொண்டு மென்றார்.

"உப்பு சரியா இருக்கு," என்றார் கடைசியில். பையை மூடினார். "காரை உன் வீட்டுப் பக்கம் விடச் சொல்றேன்."

விசில் அம்மா சாவியைக் கொடுத்தார். டிரைவர் அதை இடது உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு, என்னிடம் வந்தார்.

"பெரிசு, நான் சமைச்சுப் போடறேன், எப்ப வேணா வா. ஆனா அடுப்புப் பக்கம் வராதே."

எனக்கும் ஒரு காகிதம் கொடுத்தார்கள். தனியாகச் சமையலறையில் விடத்தக்கவர் அல்லர் என்று இருந்ததாம். மகள் அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சன்னலைப் பார்த்தபடியே வந்தாள். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

"எண்ணெய அவ்வளவு ஊத்தணுமாப்பா?" என்று கடைசியில் கேட்டாள்.

"வேற எப்படி ஊத்தறதுன்னு எனக்கென்ன தெரியும்?" என்றேன்.

ஓய்வு பெறும்வரை ஒரு பெரிய ஹோட்டலில் தலைமைச் சமையல்காரனாக இருந்தவன் நான்.