சுகன்யா உங்களுக்காகக் காத்திருக்கிறார்

நிச்சயமாகி, உப்புச் சர்க்கரை மாற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளை தமிழரசுவுக்கு ஒரு மெயில் வந்தது. சுகன்யாவின் சிரித்த முகம், கீழே ஒரு வரி: ‘சுகன்யா உங்களுக்காகக் காத்திருக்கிறார். எண்ணைப் பார்க்க உடனே பணம் செலுத்துங்கள்.’

அனுப்பியது ஒரு கல்யாண இணையதளம். போன வருஷமே அவள் அதிலிருந்து விலகிவிட்டாள். விலகினால் விட்டுவிடுவார்களா? தூண்டிலில் மாட்ட ஒரு முகம் வேண்டுமே.

“உறுதி பண்ணுனதுக்கப்பறமும் உங்க புள்ள வேற மாப்பள தேடுதாக்கும்?” வெண்ணந்தூரிலிருந்து தமிழரசுவின் அம்மா சௌந்திரம் ஃபோனில் கத்தினாள். தமிழரசுவோ சுகன்யாவின் அழைப்பை எடுக்கவே இல்லை. அவனை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதனால்தான் அப்படி வலித்தது.

சேலம் சூரமங்கலத்தில் இருந்த அந்தக் கம்பெனியின் கிளைக்கு நேரே போனாள். மேனேஜர் குணசீலன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“கம்ப்யூட்டரா அனுப்புறதும்மா. ஸ்பெஷல் பேக்கேஜ் எடுங்க, உங்க ஃபோட்டோவை மறைச்சுத் தர்றோம்.”

தன் முகத்தை மறைக்கத் தானே காசு கட்ட வேண்டுமாம்! மேஜையிலிருந்த அவன் விசிட்டிங் கார்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

நாமக்கல்லில் அவள் அப்பா வேலுமணி நடத்துவது லாரி புக்கிங் ஆபீஸ். அவர் ஃபோனில் இல்லாத லாரிக்காரர் குரூப்பே கிடையாது. ‘சேலம் டு கவுகாத்தி. லோடு ரெடி. நல்ல வாடகை, முழு அட்வான்ஸ்’ என்று தட்டி, குணசீலனின் எண்ணைப் போட்டு எல்லாவற்றிலும் தள்ளிவிட்டாள். லாரிக்காரர்களை அலைக்கழித்தது தப்புதான். ஆனால் அந்த ஆள் கொஞ்சம் அனுபவிக்கட்டும் என்றிருந்தது.

நன்றாகவே அனுபவித்தான். இந்தியில், தெலுங்கில், கன்னடத்தில் என்று ஃபோன் அடித்து நொறுக்கியது. கடைசியில் லாரிக்காரர்களிடமே விசாரித்து, அது யார் வேலை என்று தெரிந்துகொண்டு, அவனே அவளைக் கூப்பிட்டு அழாத குறையாகக் கெஞ்சினான்.

“ஞாயித்துக்கெழம எங்க ஊட்டுக்கு வாங்க சார். மாப்பள ஊட்டுக்காரங்க வாராங்க. அந்த மெயில நீங்கதான் அனுப்புனீங்கன்னு அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. லோடு இல்லைன்னு குரூப்புல நான் சொல்லிக்கறனுங்க.” அதைச் சொன்னபோது அவளுக்கு இனித்தது.

சம்பந்தத்தை முறித்துக்கொள்ளத்தான் சௌந்திரம் வந்திருந்தாள். பக்கத்தில் தமிழரசு, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு. குணசீலன் வியர்க்க வியர்க்க உண்மையைச் சொன்னான். பொண்ணு மேல் எந்தத் தப்பும் இல்லை, எல்லாம் கம்பெனி செய்த வேலை.

சௌந்திரம் விடவில்லை. “எம் பையனுந்தான் அதுல பேரு குடுத்தான். என்னைக்கோ எடுத்துப்புட்டான். அவனுக்கு மட்டும் ஏன் வருது?”

முழுசாக விளக்கிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று குணசீலன் அவசரப்பட்டான். “எடுக்கலீங்களே அம்மா. அந்த வாரம் சைட்டுக்குள்ள வந்து பொண்ணு பார்த்தவங்களுக்கு மட்டுந்தான் இந்த மெயில் போகும்.” டேப்லெட்டைத் தட்டித் தேடினான். “இதோ பாருங்க, தமிழரசு. நேத்துக்கூட வந்திருக்காரு.”

தமிழரசு தரையைப் பார்த்தான்.

அழுதுவிடுவோமோ என்று சுகன்யா பயந்தாள். அழவில்லை. உள்ளே போய் நிச்சயத்துக்கு வந்த பட்டுச் சேலையைக் கொண்டுவந்து சௌந்திரத்தின் மடியில் வைத்தாள்.

“நீங்க கெளம்புங்க அத்தை. உங்க பையன் தேடறதுக்கு இன்னும் நெறையப் பேரு இருக்காங்க.”

பிறகு, நழுவப் பார்த்த குணசீலனை மறித்தாள்.

“நீங்க எங்க போறீங்க சார்? மாப்பளைக்குப் போட்ட எல அப்பிடியே கெடக்குது. உக்காந்து சாப்பிட்டுட்டுப் போங்க.”