துடுப்பு நறுக்கிய மீன்கள்

மீன் ஆராய்ச்சிக்கு ஆள் வேண்டுமென்று ஈப்போ முழுக்கத் தேடி, பிறந்ததிலிருந்து மீனை வாயில் வைக்காத மயில்வாகனமாகிய என்னைத்தான் துரை கண்டுபிடித்தார். என் கையெழுத்து அழகாக இருக்கிறதாம். மீனுக்கும் கையெழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று துரையிடம் கேட்க முடியுமா? 1928ஆம் வருடம் மாசி மாதம், வழக்கம்போல நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு சுங்காய்க்கு ரயில் ஏறினேன்.

சுங்காய்க்கு மேலே ஈயச் சுரங்கக்காரர்கள் மின்சாரத்துக்காக ஓர் ஆற்றை மறித்து அணை கட்டியிருந்தார்கள். அணைக்குக் கீழே மீன் பிழைக்கிறதா, சாகிறதா என்று அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டும். முந்நூறு மீன்களைப் பிடித்து, முதுகுத் துடுப்பின் நுனியைக் கத்தரித்து, திரும்ப ஆற்றில் விட்டேன். அதன்பின் ரப்பர் தோட்டத்துச் சனங்கள் வலை போட்டுக் கொண்டுவரும் கூடைகளை ஞாயிறுதோறும் பார்க்க வேண்டும். நறுக்கிய மீன் கூடையில் வந்தால் ஆறு நன்றாக இருக்கிறது. வராவிட்டால் எல்லாம் செத்துவிட்டன என்று பொருள். அப்படியானால் மீன் மறுபடி பெருகுவதற்காக மூன்று வருடத்துக்கு அங்கே யாரும் வலை போடக்கூடாது. அந்த உத்தரவைத் துரை முன்கூட்டியே தட்டச்சு செய்து மேசையில் வைத்திருந்தார்.

இதையெல்லாம் தோட்டத்துச் சனங்களிடம் சொன்னேனா என்றால், இல்லை. அரசாங்கக் குமாஸ்தா, ஒரு கிராணி, கூலிக்காரர்களுக்கு விளக்கம் சொல்வதா என்ற திமிர்தான்.

ஐந்து ஞாயிறு போனேன். கூடை கூடையாகப் புரட்டினேன். நறுக்கிய மீன் ஒன்றுகூட இல்லை. ஓர் எறும்பை மிதித்தாலும் வருந்துகிற எனக்கு, முந்நூறு உயிரைக் கத்தரித்தே கொன்றுவிட்டேனே என்று சோறு இறங்கவில்லை. போதாக்குறைக்கு, ஆறும் போய்விட்டால் அந்தச் சனங்களுக்குக் கடைக் கருவாடுதான் கதி. அறிக்கையைப் பாதி எழுதிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல், தண்ணீர் மட்டத்தைக் குறித்துக்கொள்ளத் தனியாக ஆற்றுக்குப் போனேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டி முடித்த சன்னாசியும் அவன் மனைவி செல்லாயியும் இடுப்பளவுத் தண்ணீரில் வலையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே முழங்கை நீள லம்பாம் மீன் ஒன்று துள்ளியது. செல்லாயி அதன் முதுகைப் பார்த்தாள், இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், தண்ணீரில் விட்டுவிட்டாள். முதுகுத் துடுப்பில் என் கத்தரி போட்ட வெட்டு எனக்கு நன்றாகத் தெரிந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஐந்து வாரமாக என்னை முட்டாளாக்கியிருக்கிறார்கள்.

"ஏன் அதை ஆத்தில விட்டனி? ஆர் விடச் சொன்னது?" என்று கரையிலிருந்து கத்தினேன்.

செல்லாயி பதறிப்போனாள். "கோவிச்சுக்காதீங்க கெராணி ஐயா. நேந்துவிட்ட மீன யாராச்சும் கொழம்பு வைப்பாங்களா?"

"ஆர் நேர்ந்துவிட்டது?"

"நீங்கதான்," என்றான் சன்னாசி. "ஊர்ல கெடாவுக்குக் காத நறுக்கிச் சாமிக்கு விடுவோம். நீங்க மீனுக்கு நறுக்கி விட்டீங்க. கவிச்சியே தொடாத மனுசன் வேற எதுக்கு ஆத்துல எறங்குவாரு? வாராவாரம் வந்து, யாராச்சும் புடிச்சிட்டாங்களான்னு கூடையையும் பாக்குறீங்க."

செல்லாயி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "ஒங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருசம், புள்ளை இல்லைன்னு ஒங்ககிட்டக் கூடை தூக்குற அப்பாவு அண்ணன்தான் சொன்னாரு. அதுக்குத்தான் நேந்துவிட்டீங்கன்னு வலை போடுற அத்தனை பேருக்கும் சொல்லி வச்சிருக்கோம். வெறுஞ்சோறுன்னு எங்க புள்ளைங்க அழுவும். அப்பவும் நறுக்குன மீன வீட்டுக்குக் கொண்டு போறதில்லை."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. பதினோரு வருடமாக என் சொந்தக்காரர்கள் ஜாதகம் பார்த்தார்கள், புத்தி சொன்னார்கள், வேறு கல்யாணம் கட்டு என்று என் மனைவி விமலாதேவியின் காதுபடவே சொன்னார்கள். எங்களுக்காக ஒரு நேரக் கறியை விட்டுக்கொடுத்தவர் யாருமில்லை.

மணலில் உட்கார்ந்து, மாசியிலேயே சொல்லியிருக்க வேண்டியதை அன்று சொன்னேன். "இது நேர்த்தி இல்லை. சர்க்கார் வேலை. நறுக்கின மீன் கூடையில வராட்டி, உங்களுக்கு ஆறே இல்லையெண்டு ஆக்கிப்போடுவினம்."

 சன்னாசி ஓடிப்போய்த் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து நாலு பேரை வலையோடு கூட்டிவந்தான். பொழுது சாய்வதற்குள் நறுக்கிய மீன் பதினாலு வந்துவிட்டது. எல்லாம் கொழுகொழுவென்று இருந்தன. துடுப்பு முளைக்கத் தொடங்கியிருந்தது. ஒவ்வொன்றையும் அளந்து எழுதினேன். அவசரத்தில் கையெழுத்து கோணல்மாணலாக வந்தது.

"இனி நீங்கள் தின்னுங்கோ," என்றேன். சொல்ல வெட்கமாகவும் இருந்தது. "வீணா உங்களைப் பட்டினி போட்டிட்டன்."

"வீணா எப்படிப் போவும்?" என்றாள் செல்லாயி. "நீங்க வேண்டிக்கல, சரி. விடுறப்ப ஒவ்வொரு மீனுக்கும் நாங்க வேண்டிக்கிட்டமே, ஐயா."

திங்கட்கிழமை துரை அறிக்கையைப் படித்துவிட்டு உத்தரவைக் கிழித்துப் போட்டார். ஆறு அவர்களுக்கே இருந்தது.

வீட்டில் விமலாதேவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.  மீன் வாடை பட்டாலே மூக்கைப் பொத்துகிறவள், அடுத்த ஞாயிறு தானும் சுங்காய்க்கு வருவதாகச் சொன்னாள்.

"அங்க உமக்கு என்ன வேலை?" என்றேன்.

"செல்லாயியின்ரை பிள்ளைகள் மீன் தின்னுறதைப் பாக்கவேணும்," என்றாள்.