ஒரு மணி நேரம் பிந்திய கை

பல் செட் கட்டுகிறவரின் இடது கை, அவர் அந்தக் கைக்கடிகாரத்துக்குப் பாலிஷ் போட்ட நாளிலிருந்து, உடம்பின் மற்ற பாகங்களைவிட ஒரு மணி நேரம் பின்தங்கி வாழ்ந்துவருகிறது. வலது கையில் கோளாறு எதுவும் இல்லை. கடிகாரத்திலும் இல்லை, அது நொடி பிசகாமல் ஓடுகிறது. காலையில் குளித்தால் இடது கை மட்டும் காய்ந்தே இருக்கும். பிறகு நெரிசலான பஸ்ஸில் நிற்கும்போது தானாக நனைந்து, பக்கத்தில் இருப்பவரின் சட்டையில் சொட்டும். அவர் முதலில் பஸ்ஸின் கூரையைப் பார்ப்பார், அப்புறம் இவரைப் பார்ப்பார். அந்த வழியில் தினமும் போகிறவர்கள் இப்போதெல்லாம் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்கிறார்கள், அவ்வளவுதான்.

கடிகாரம் வாங்கியதே நேரத்துக்குப் போய்ச் சேர்வதற்காகத்தான். மனைவி இருந்தவரை அவர் மணி பார்த்ததில்லை. அவளைப் பார்த்தால் போதும். அவள் தலையில் துண்டு சுற்றியிருந்தால் எழுந்திருக்க வேண்டும். கைப்பையின் ஜிப்பை இழுத்தால் கிளம்ப வேண்டும். வாசலில் நின்று செருப்பைத் தட்டினால் ஏற்கெனவே தாமதம். காய்ச்சல் என்று படுத்தவள் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வராமல் போனபிறகு, வீட்டில் கூடத்துக் கடிகாரம் ஒன்று சொன்னது, சமையலறைக் கடிகாரம் வேறொன்று சொன்னது. கைபேசி சரியாகத்தான் சொன்னது, ஆனால் பிளாஸ்டர் தூசிக்குப் பயந்து வேலை முடியும்வரை அதை அலமாரியில் வைத்துவிடுவார். அவருடைய மகள் பள்ளிக்கூட வாசலில் காவலாளியின் ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருக்கப் பழகினாள். அவர் போய்ச் சேரும்போது தெருவில் வேறு பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். அவள் அழுதிருந்தால்கூடத் தேவலாம். "காவலாளி மாமாவுக்குத் தெரிஞ்ச பாட்டெல்லாம் பாடிட்டேன்பா. இனிமே எங்கிட்ட பாட்டு இல்ல" என்றாள் ஒரு நாள்.

யோசனை சொன்னது மனைவியின் தம்பி. "நல்ல வாட்சா ஒண்ணு வாங்குங்க மாமா. சும்மா கிடைச்சதக் கட்டினா கை அத மதிக்காது" என்றான். அவனுக்குக் கடிகாரம் என்றால் உயிர். அவன் கட்டியிருந்தது என்னவோ பிளாஸ்டிக்தான். இருவரும் பெரிய கடை ஒன்றுக்குப் போனார்கள். கண்ணாடிப் பெட்டியில் இருப்பவை பார்ப்பதற்கு மட்டும், விற்பதற்கு இல்லை என்றார் கோட்டுப் போட்ட விற்பனையாளர். பெயர் கொடுத்துவிட்டுப் போனால் கூப்பிடுவாராம். எப்போது என்று கேட்டதற்கு, "உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா சார்?" என்றார். ஒரு பெண், இரண்டாம் வகுப்பு. "அவங்க காலேஜ் முடிக்கறதுக்குள்ள பாத்துடலாம்." வெளியே வந்ததும் மைத்துனன், "அதுவரைக்கும் அவ ஸ்டூல்லயே உக்காந்திருக்கணுமா?" என்று தெருவைப் பார்த்துக் கேட்டான்.

அப்படித்தான் அவர்கள் ஏற்கெனவே ஒருவர் கட்டிய கடிகாரங்களின் சந்தைக்குள் இறங்கினார்கள். அங்கே பெட்டி இருந்தால் உத்தரவாத அட்டை இல்லை; அட்டை இருந்தால் அதிலுள்ள எண் கடிகாரத்தோடு ஒத்துப்போகவில்லை. படத்தில் ஒருவருடைய மணிக்கட்டும் நேரில் வேறொருவருடைய மணிக்கட்டும் வந்தன. ஒருத்தன் டீக்கடையில் பார்க்கலாம் என்று வரச்சொல்லி, கடிகாரத்தைக் காட்டாமலே வியர்த்துவிட்டுப் போனான். கடைசியில் ஒரு மாடியில், பொத்தானை அழுத்தினால் திறக்கும் கதவுக்குப் பின்னால், வெள்ளைக் கையுறை போட்ட வியாபாரி ஒருவரிடம் அகப்பட்டது. பெட்டி, அட்டை, பட்டையிலிருந்து கழற்றிய கண்ணிகள் என்று எல்லாம் கூடவே இருந்தன. பல் செட் கட்டுகிறவர் தன் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, கடைவாய்ப்பல்லைப் பார்ப்பதுபோல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளிம்பெல்லாம் பொடிப்பொடியாகக் கீறல். "முன்னாடி கட்டினவரு மேஜையில சாஞ்சு எழுதற ஆளு சார். கீறல் அப்படியே இருக்கட்டும். அவரு கழிச்ச நேரமெல்லாம் அதுலதான் இருக்கு. பாலிஷ் மட்டும் போட்டுடாதீங்க" என்றார் வியாபாரி. குறையைப் பெருமையாகச் சொல்லி விற்கத் தெரிந்தவர் என்று இவர் நினைத்துக்கொண்டார். சமையலறையை இடித்துக் கட்ட மனைவியோடு சேர்ந்து சேமித்தது அதோடு முடிந்தது. சமையலறை இன்னும் பழையபடிதான் இருக்கிறது.

ஒரு வாரம் அந்தக் கீறல்களைப் பொறுத்துக்கொண்டார். ஆனால் அவர் கட்டிய பல் செட் எதுவும் ஒரு கீறலோடு ஒருவர் வாய்க்குள் போனதில்லை. பதினேழு வயதில் பழகியது; சொரசொரப்பு இருந்தால் நாக்கு அதையே தேடித்தேடிப் போகும் என்று அவருக்குத் தெரியும். இங்கே கண் அதையே தேடிப்போனது. ஒரு மதியம், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தபோது, பல் செட்டுக்குப் போடுகிற ஈரப்பொடியை அள்ளி வைத்துக்கொண்டு, சுற்றுகிற துணிச்சக்கரத்தில் ஒரு மணி நேரம் கடிகாரத்தைப் பிடித்தார். கீறல்கள் சாம்பல் நிறக் குழம்பாகத் தொட்டிக்குள் இறங்கின. கடிகாரம் நேற்றுப் பிறந்ததுபோல் பளபளத்தது. அதைக் கழுவிக் கட்டிக்கொண்டு டீ டம்ளரை எடுக்க இடது கையை நீட்டினார். கை நீளவில்லை. அது துணிச்சக்கரத்தின் முன்னால், இல்லாத ஒரு கடிகாரத்தைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தது.

பல் செட் வேலைக்கு இரண்டு கையும் வேண்டும். இடது கையில் அச்சு, வலது கையில் மெழுகுக் கத்தி. இப்போது அச்சை வைஸ் இடுக்கியில் முடுக்கிக்கொண்டுதான் வேலை செய்ய முடிந்தது. ஸ்பிரிட் விளக்கில் இடது விரலைச் சுட்டுக்கொண்டால் அப்போது வலிக்காது. பிறகு முதலாளியம்மா கணக்குக் கேட்டுக்கொண்டிருக்கும்போது "ஆ" என்று கத்துவார். சரியென்று கையைப் பிசைந்துகொண்டு நிற்கவும் வழியில்லை. இன்னொரு கை வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். பட்டறையில் பிளாஸ்டர் ஊற்றும் பெண்ணிடம், தொட்டியில் இருந்த குழம்பு எங்கே என்று விசாரித்தார்.

"அத அன்னைக்கே சாக்கடையில ஊத்தியாச்சே அண்ணே. ஏன், தங்கம் எதாவது இருந்துச்சா?"

"ஒரு மணி நேரம் இருந்துச்சு."

"நீங்க சாப்பிட்டு வாங்கண்ணே" என்றாள் அவள்.

மாடி வியாபாரி கடிகாரத்தை வாங்கிப் பார்த்ததுமே கையுறையைக் கழற்றிவிட்டார். யாரோ இறந்த வீட்டில் பேசுவதுபோல், "போட்டுட்டீங்களா" என்றார். பாலிஷ் போட்டதைத் திரும்ப எடுப்பதில்லை, கடையின் விதி. கம்பெனியின் பழுது நிலையத்தில் கடிகாரத்தை ஒரு வாரம் வைத்திருந்து சோதித்து, நேரம் மிகத் துல்லியம் என்று அச்சடித்த தாளோடு கொடுத்தார்கள். "வாட்ச்ல தப்பில்ல சார். உங்க கைதான் லேட்டு." கைக்கு உத்தரவாதம் கிடையாதா என்றதற்கு, மேலாளரைக் கூப்பிடட்டுமா என்றார்கள். டாக்டர் எலும்பைப் பார்த்தார், நரம்பைப் பார்த்தார், சுத்தியலால் தட்டினார். கை அசையவில்லை. இவர் வெளியே மருந்துச் சீட்டுக்காகக் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் பணம் கட்டும் வரிசையில் நின்றபோது அது துள்ளி முன்னால் நின்றவரின் முதுகில் குத்தியது. வாட்ச் கடையில் காட்டிப் பாருங்கள் என்று டாக்டர் எழுதியிருந்தார். கடிகாரத்தைக் கழற்றிவைத்துப் பார்த்தார். கைக்கு அது ஒரு பொருட்டாக இல்லை. வலது கையில் கட்டிப் பார்க்கப் பயம். மறுபடி இடது கையிலேயே கட்டிக்கொண்டார். கெடுவதற்கு அங்கே மிச்சமில்லை.

இதையெல்லாம்கூடச் சகித்துக்கொண்டிருப்பார். மகள் எப்போதும் அவருடைய இடது பக்கம் நடப்பவள். வலது பக்கம் அம்மாவுடையது. மூன்று பேராக நடந்த காலத்து ஏற்பாடு அது, அவள் மாற்றிக்கொள்ளவில்லை. பள்ளிக்கூட வாசலில் தன் கையை அவர் கைக்குள் வைப்பாள். அது கழுவிக் காயப்போட்ட துணிபோல் தொங்கும். "பிடிப்பா" என்பாள். "பிடிச்சிட்டேன்மா" என்பார். அவர் பிடித்தது உண்மை. வீட்டுக்கு வந்து, அவள் உடை மாற்றி, பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போனபிறகு, அந்தக் கை ஒன்றுமில்லாத இடத்தை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றது. இப்படி நாலைந்து முறை ஆனதும் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். இரண்டடி முன்னால், பையின் இரண்டு வாரையும் பிடித்துக்கொண்டு நடந்தாள். "இந்தப் பக்கம் வாம்மா, வலது கை நல்லா இருக்கு" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "அது அம்மா சைடு" என்றாள், திரும்பாமலே. கடிகாரம் கட்டியும் அவர் தாமதமாகத்தான் போய்க்கொண்டிருந்தார்; ஒற்றைக் கையால் வேலை முடிவதில்லை. துல்லியமாக எவ்வளவு தாமதம் என்று தெரிந்ததுதான் மிச்சம்.

முன்பல் நான்கும் போன ஒரு பாட்டு டீச்சர் பட்டறை வாசலில் உட்கார்ந்திருந்த மதியம் அது. மறுநாள் அவருக்குக் கச்சேரி. வைஸை வேறு யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். இவர் எரிச்சலில் எல்லாவற்றையும் மறந்து அச்சை இடது கையால் பிடிக்கப் போனார். கை வரவில்லை. பிடி, பிடி என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் மறுபடியும் முயன்றதில் அச்சு உருண்டு விழுந்து மூன்று துண்டானது. சுத்தியலைத் தூக்கி எறியப்போய், அதைக் கீழே வைத்துவிட்டு, "நாளைக்குக் காலையில தரேன்மா" என்று டீச்சரிடம் சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். போக வேறு இடமில்லாமல் பள்ளிக்கூடத்துக்குப் போனார். மணி அடிப்பதற்குள் போய்ச் சேர்ந்தது அதுதான் முதல் தடவை. காவலாளி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார்.

மகள் கூட்டத்தோடு வெளியே வந்தாள். அப்பா நிற்பதைப் பார்த்ததும் கால் தயங்கியது. அந்த ஆச்சரியத்தில் பழைய பழக்கம்போலத் தன் கையை அவர் இடது கைக்குள் வைத்துவிட்டாள். கை மூடியது. பிளாஸ்டர் அச்சைப் பிடிப்பதுபோல், விழுந்துவிடும் என்ற பயத்தோடு, கெட்டியாக.

"அப்பா!"

கை தளர்ந்தது, மறுபடி பிடித்தது. மறுபடி தளர்ந்தது, இன்னும் இறுக்கமாகப் பிடித்தது.

"வலிக்குதாடா?"

"வலிக்கட்டும். நீ விடாத."

விடுவதும் பிடிப்பதும் அப்போது அவர் வசம் இல்லை என்பதை அவர் சொல்லவில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அச்சு உடைந்த நிமிஷம் இங்கே வந்தபோது கை சோர்ந்து தொங்கியது. அதற்குள் பாதித் தெரு வந்திருந்தார்கள்.

அதிலிருந்து பட்டறையில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. பள்ளிக்கூடம் விடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், கையில் எவ்வளவு அவசர வேலை இருந்தாலும் பல் செட் கட்டுகிறவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் நிமிர்ந்து உட்காருவார். கண்ணை மூடிக்கொண்டு மகளின் கையைப் பிடிப்பார். அங்கிருந்து வீடுவரை மனசால் நடப்பார். பெரிய சாலையைக் கடக்கும் இடத்தில் இறுக்குவார்; குழி இருக்கும் இடத்தில் கொஞ்சம் தூக்குவார்; வீட்டுத் திருப்பத்தில், அவள் ஓடிவிடுவாள் என்று தெரிந்து, விடுவார். இடது கை அந்நேரம், ஒரு மணி நேரத்துக்கு முந்தைய வேலைப் பழக்கத்தில், அச்சு இல்லாத காற்றைத் திருப்பிக்கொண்டிருக்கும். யாராவது அவரைத் தேடி வந்தால் பிளாஸ்டர் ஊற்றும் பெண், "அண்ணன் தன் பொண்ண ரோடு தாண்ட வச்சிட்டிருக்காரு, இருங்க" என்பாள். முதலாளியம்மா முதலில் முணுமுணுத்தார், பிறகு அந்த நேரத்துக்கு டீ வைக்கச் சொல்லிவிட்டார். கண்ணைத் திறந்ததும் அவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார். ஒரே ஒரு முறை பஸ் வழியில் நின்றுபோய்விட்டது. சாலை நடுவில், முன்பின் தெரியாத ஒரு கம்பத்துக்குப் பக்கத்தில், கை வெறுமையைப் பிடித்து மூடுவதைப் பார்த்தார். அதன்பிறகு அவர் தாமதமாகப் போனதில்லை.

காவலாளி ஸ்டூலைத் தன் அறைக்குள் எடுத்துப் போட்டுவிட்டார். மகளுக்கு இப்போது புதுப் பாட்டுகள் சில தெரியும், வழியில்தான் பாடுகிறாள். கடிகாரத்தில் மறுபடி கீறல் விழத் தொடங்கியிருக்கிறது, பெரும்பாலும் அவளுடைய பையின் கொக்கி பட்டு. மைத்துனன் வரும்போதெல்லாம் அதைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "பாலிஷ் போடாம இருந்திருந்தா இன்னைக்கு இது என்ன விலை போகும் தெரியுமா மாமா?" என்கிறான். "தெரியும் மாப்ள" என்று அவர் இடது கையை நீட்டுகிறார். ஒரு மணி நேரம் கழித்து அது நீள்கிறது. அதுவரை அவன் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறான்.