ருசி பார்க்கத் தேவையில்லாத சமையல்

தொழிற்சாலை கேன்டீனில் ஆளுயர அண்டாவுக்கு முன்னால் நின்று, உப்பைக் கையால் அள்ளிப் போட்டுவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிற ஆள் மாஸ்டர். அள்ளினால் அள்ளினதுதான். கூடிப்போச்சு, குறைஞ்சுபோச்சு என்று அவரிடம் வந்து சொன்னவன் கிடையாது. அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. வந்த காய்ச்சல் போனது, போகும்போது நாக்கின் ருசியையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது.

எலுமிச்சம்பழத்தைக் கடித்தால் ஈரம் தெரிந்தது, அவ்வளவுதான். உப்பை அள்ளி வாயில் போட்டால் மணலை மென்ற மாதிரி இருந்தது. டாக்டர், "சில பேருக்குத் தானா திரும்பி வரும், பொறுமையா இருங்க" என்றார். பொறுமையாக இருப்பதற்கு இவர் என்ன பஸ்ஸுக்கா நிற்கிறார்? சமையல்காரனுக்கு நாக்கு போனால் மிச்சம் என்ன இருக்கிறது?

கை பழகின கைதானே என்று கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்தார். ஆனால் மனதில் பயம் புகுந்தால் கை கேட்குமா? போட்டோமா போடவில்லையா என்று சந்தேகம் வந்து, ஒருநாள் சூப்பில் இரண்டு தடவை உப்பைப் போட்டுவிட்டார். ஒரு ஷிப்ட் ஆட்கள் மொத்தமும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்கள். முதலாளி கெட்டவர் இல்லை. தனியாகக் கூப்பிட்டு, "ரெண்டு மாசம் பாப்போம். அதுக்கப்புறம் ஒண்ணாந்தேதிலேர்ந்து புது மாஸ்டர் வர்றாரு. நீங்க ஸ்டோர் ரூமைப் பாத்துக்கங்க" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மாஸ்டரும் தரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். அந்த ஒண்ணாந்தேதி வருவதற்குள் நாக்கு வந்தால் அடுப்பு, வராவிட்டால் வெங்காய மூட்டை. விஷயம் அவ்வளவுதான்.

டாக்டரிடம் போய்விட்டு வரும் வழியில் வளர்ப்பு மீன் கடை ஒன்று உண்டு. ஒருநாள் மழைக்கு உள்ளே ஒதுங்கினார். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், பிஸ்கட் டின் அளவுக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே கல்லெல்லாம் பூத்துக் கிடந்தது. பச்சையும் ஊதாவுமாகப் பவளங்கள், ஓட்டை முதுகில் சுமந்து திரிகிற பொடி நண்டு ஒன்று.

"இது கடல் தண்ணியா?"

"ஆமாங்க. உப்பை வாங்கி நாமளே கலக்கறது" என்றார் கடைக்காரர்.

"உப்பு சரியா இருக்குன்னு எப்படிப் பாப்பீங்க? நாக்குல வெச்சா?"

"ஐயையோ! வாயில வெக்கவே கூடாதுங்க." கடைக்காரர் குட்டித் தொலைநோக்கி மாதிரி ஒரு கருவியை எடுத்து, அதன் நெற்றியில் ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டு நீட்டினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் உள்ளே நீலமும் வெள்ளையுமாக ஒரு கோடு. கோடு நிற்கும் இடம்தான் உப்பின் அளவு. "உப்புமானி" என்றார்.

மாஸ்டர் அந்தக் கருவியைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. உலகத்தில் ருசி பார்க்கத் தேவையில்லாத ஒரு சமையல் இருக்கிறதா!

"முதல் தடவைன்னா பெரிய தொட்டியா வைங்க" என்றார் கடைக்காரர். "பெருசுன்னா நாம பண்ற தப்பைத் தண்ணி தாங்கிக்கும். இந்தச் சின்னதுல ஒரு டம்ளர் தப்பு பண்ணாலும் காட்டிக் கொடுத்துடும்."

"என் வீட்ல இருக்கற இடத்துக்கு இதுவே பெருசு" என்று மாஸ்டர் அதே அளவில் ஒரு காலித் தொட்டியையும் ஒரு உப்புமானியையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

வீட்டில் தொட்டிக்கு மிக்ஸியின் இடம் கிடைத்தது. மிக்ஸி பரண் ஏறியது. அவர் மனைவியே அதை ஏற்றிவைத்தாள். காய்ச்சலுக்கு அப்புறம் மனுஷன் ஒன்றைக் கேட்டு வாங்கியதே அதுதான். ஆனால் சுத்தமான தண்ணீரில் உப்பைக் கொட்டி அவர் கிளற ஆரம்பித்ததும் கத்திவிட்டாள்.

"என்னங்க, அது என் கரண்டி!"

"புதுசு வாங்கித் தரேன், விடு."

மணலைப் பரப்பினார். கடையிலிருந்து ஈரத்துணி சுற்றிக் கொண்டுவந்த, கடல் கிருமிகள் குடியிருக்கும் உயிர்க்கற்களை, விழாதபடி மூன்று முறை மாற்றி மாற்றி அடுக்கினார். தண்ணீரை ஓடவிடக் குட்டி மோட்டார், சூடு காக்க ஒரு ஹீட்டர், மேலே ஒரு விளக்கு. உப்புமானியில் பார்த்தார். கோடு சொன்ன இடத்தில் நின்றது. தண்ணீர் மட்டத்துக்கு நேராகக் கண்ணாடியில் ஒரு டேப் ஒட்டினார். பின்னால் தண்ணீர் மாற்றும்போது ஊற்ற, ஒரு கேனில் உப்புத் தண்ணீர் கலந்து வைத்தார். அப்புறம் காத்திருப்பு. உள்ளே கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் பெருகி, தண்ணீர் பக்குவப்படும் வரை எதையும் விடக்கூடாதாம்.

ஞாயிறு தவறாமல் சாப்பிட வருகிற மச்சினன் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். "மாமா, கல்லையா வளக்கறீங்க? தினம் எத்தனை தடவை குரைக்குது?"

"சிரிடா மாப்ள, சிரி."

கல்லெல்லாம் பழுப்புப் பாசி படிந்தது. மனைவி பாத்திரம் தேய்க்கிற நாரோடு வந்து நின்றாள். "தொடாதே! அது இன்னும் வேகல" என்று மாஸ்டர் குறுக்கே பாய்ந்தார். சொன்னபடி பாசி தானாகவே கழிந்தது. நத்தை வந்தது, நண்டு வந்தது. கடைசியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பச்சைப் பவளம். வந்த அன்று ஊதா நிறத் தோலாகச் சுருண்டு கிடந்தது. மறுநாள் மத்தியானம் பார்த்தால் நூறு பச்சை நட்சத்திரங்கள் தலையைத் தூக்கித் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தன.

மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். அடுப்படியிலிருந்து அதைக் கேட்ட மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! முன்பெல்லாம் அவள் வைத்த கறிக்கு நாலு குறை சொல்லாமல் கை கழுவமாட்டார். இப்போது எதை வைத்தாலும் வாயே திறக்காமல் தின்றுவிட்டு எழுந்து போகிறவர். அந்த மௌனம்தான் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் சுத்தத் தண்ணீர் மட்டும் ஊற்று என்று அவளிடம் சொல்லியிருந்தார். ஆனால் வேலை முடிந்து வந்து பார்த்தால் மட்டம் தினமும் டேப்புக்கு நேராகவே நின்றது. அவள் ஊற்றியதாகச் சொல்லவும் இல்லை. "பாத்தியா? நான் கண்ணாடி மூடி போட்டேன் பாரு, சொட்டு குறையல!" என்று பீற்றிக்கொண்டார். மனைவி "ம்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொதித்து வற்றினால்தான் உப்பு ஏறும், வற்றாத பாத்திரத்தில் உப்பு எங்கே ஏறப்போகிறது? இது மாஸ்டரின் அடுப்படிக் கணக்கு. உப்புமானி இழுப்பறைக்குள் போய்விட்டது.

இரண்டாவது மாதக் கடைசியில் பச்சை நட்சத்திரங்கள் மூடிக்கொண்டன. இன்று திறக்கும், நாளை திறக்கும் என்று பார்த்தார். நண்டு மூலையில் ஓட்டுக்குள் சுருங்கிவிட்டது. கடைக்காரருக்கு போன் போட்டார்.

"உப்பு பாத்தீங்களா?"

"அதெல்லாம் கரெக்டா இருக்கு" என்றார் மாஸ்டர், பார்க்காமலே.

"அப்ப கொஞ்சம் தண்ணி மாத்திப் பாருங்க."

அன்று ஞாயிறு. விடிந்தால் அந்த ஒண்ணாந்தேதி. மாஸ்டர் தொட்டிக்கு முன்னால் வாளியை வைத்துக் குந்தினார். "இதுவும் போச்சுன்னா நான் எதுக்கும் லாயக்கில்லாதவன்தான்" என்று சொன்னார். சாப்பிட வந்திருந்த மச்சினன்கூட அதற்குச் சிரிக்கவில்லை.

தண்ணீர் இழுக்கக் கடைக்காரர் கொடுத்த கைப்பம்பு பக்கத்திலேயே கிடந்தது. ஆனால் பெரிய டின்னிலிருந்து ட்யூப் போட்டு எண்ணெய் இறக்கியே பழகின ஆள் இல்லையா? யோசனை எங்கேயோ இருக்க, ட்யூபின் நுனியை வாயில் வைத்து ஒரே உறிஞ்சு. தண்ணீர் வாய் நிறைய வந்துவிட்டது.

துப்பினார். நாக்கால் உதட்டை நக்கினார். ட்யூபிலிருந்து தண்ணீர் வாளியை விட்டுத் தரையில் ஓடிக்கொண்டிருந்தது.

"உப்பு" என்றார்.

"என்ன மாமா?"

"உப்புடா! டேய், உப்பு! உப்பு கரிக்குதுடா!"

மனைவி ஓடிவந்தாள். மாஸ்டர் தரைத் தண்ணீரில் உட்கார்ந்து, ஐம்பது வயசு மனுஷன், குழந்தை மாதிரி அழுதுகொண்டே சிரித்தார். அவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் அவளும் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மச்சினன்தான் ட்யூபைப் பிடித்து மடக்கினான்.

நாக்கைச் சப்பிக்கொண்டிருந்த மாஸ்டரின் முகம் மாறியது. ஒரு புருவம் மேலே போனது. கேன்டீனில் அந்தப் புருவத்துக்கு நடுங்காத ஆள் இல்லை.

"இது அதிகம்."

"எது?"

"உப்பு. இவ்வளவு இருக்கக் கூடாது. அந்த மீட்டரை எடு."

எடுத்தார்கள். கோடு இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி எங்கேயோ மேலே நின்றது. மட்டம் குறையாத தொட்டியில் உப்பு எப்படி ஏறும்? மாஸ்டர் தொட்டியைப் பார்த்தார், உப்புத் தண்ணீர் கலந்து வைத்திருந்த கேனைப் பார்த்தார், கடைசியில் மனைவியைப் பார்த்தார்.

"தினம் குறைஞ்சுதுங்க" என்றாள் அவள். "கடல்ல போய் யாராவது பச்சத் தண்ணிய ஊத்துவாங்களா? பாவம், அதுங்களுக்குச் சப்புன்னு ஆகிடுமேன்னு... அந்தக் கேன்லேர்ந்து ஊத்தினேன். நீங்க சிரிச்சீங்களே, அது கெட்டுப்போயிடக் கூடாதுன்னுதான்."

ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பு உள்ளேயே தங்கிவிடும். அதற்கு மேல் தினமும் உப்புத் தண்ணீர் போனால் பவளம் என்ன செய்யும், பாவம்! வேறொரு நாளாக இருந்தால் மாஸ்டர் வீட்டை இரண்டாக்கியிருப்பார். அன்று அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். அவள் அந்தத் தப்பைப் பண்ணாமல் இருந்திருந்தால் அவ்வளவு உப்பு ஏது? அந்த நாக்கு எழுந்திருக்குமா?

உப்பை ஒரேயடியாக இறக்கக்கூடாது, உயிர்கள் தாங்காது. ஒரு டம்ளர் எடுப்பதும், ஒரு டம்ளர் சுத்தத் தண்ணீர் விடுவதுமாக, நாள் கணக்கில் மெல்ல மெல்ல இறக்கும் வேலை தொடங்கியது.

திங்கட்கிழமை கேன்டீனுக்குப் போனார். புது மாஸ்டர் அண்டாவுக்கு முன்னால் நின்றிருந்தார். முதலாளி ஸ்டோர் ரூம் சாவியோடு வந்தார். மாஸ்டர் சாவியை வாங்கவில்லை.

"ஒரு ஸ்பூன் குடுங்க."

எல்லாரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். சூப்பை எடுத்து ஊதி, நாக்கில் விட்டார். கண்ணை மூடினார்.

"உப்பு பத்தல."

முதலாளி ஒரு ஸ்பூன் குடித்துப் பார்த்தார். புது மாஸ்டரும் குடித்துப் பார்த்தார். "ஆமா, பத்தலதான்" என்றார் புது மாஸ்டர், நல்ல மனுஷன். மாஸ்டர் டப்பாவுக்குள் கையை விட்டார். அள்ளினார், அண்டாவில் வீசினார், திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த அடுப்புக்குப் போனார். பின்னால் கேன்டீனே கை தட்டியது. புது மாஸ்டருக்கு ராத்திரி ஷிப்ட் கிடைத்தது. சாவி முதலாளியின் பையிலேயே இருந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு மத்தியானம், பச்சை நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாகத் தலையைத் தூக்கின. நண்டு கல்லின் உச்சியில் ஏறி ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. மூன்று பேரும் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒரு வாரமாக மூன்று வேளையும் கேன்டீன் சாப்பாட்டையே ருசி பார்த்துக்கொண்டிருந்த மாஸ்டர், வீட்டுச் சாப்பாட்டில் முதல் வாய் வைத்தார். அந்தப் புருவம் மேலே போனது.

"என்னடி இது, இவ்வளவு உப்பு!"

மச்சினன் வழக்கம்போல இரண்டாவது சொம்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தான். "மாசக்கணக்கா இப்படித்தான் மாமா. உங்களுக்குத் தெரியலையேன்னு நானும் பல்லக் கடிச்சுக்கிட்டு தின்னேன்."

மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள்.

"என்னிக்காவது ஒருநாள் உப்புன்னு திட்டமாட்டீங்களான்னுதான் கூடக் கூடப் போட்டேன். சொல்லுங்க" என்றாள். "இன்னும் என்னென்ன குறைன்னு ஒவ்வொண்ணா சொல்லுங்க."